செலின் விழுந்த படம்

திருக்காட்டுப்பள்ளி
18.7.2006

செலின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் "பிள்ளை எப்படியிருக்கா?" என்று கேட்டீர்கள். நல்லாயிருக்கா என்று சொல்லிவிட்டு ரிசீவரை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அத்தை பக்கத்தில் இருக்கும்போது செலினைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செலின் மறுபடியும் விழுந்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கூடத்தில் தரையில் கிடக்கிறாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கைகால் விறைத்து, கண் மேலே செருகி, உடம்பு இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் கண் திறந்துவிட்டாள். கொஞ்சம் அழுதாள், அப்படியே தூங்கிவிட்டாள். நெற்றியில் புடைப்பு. விழுந்ததில் பட்டது.

தஞ்சாவூர் டாக்டர் வலிப்பு என்று சொல்லிக் கொடுத்த சிரப்பை ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுக்கிறேன். விழுவது நிற்கவில்லை, பிள்ளைதான் மந்தமாகிவிட்டாள். எல்.கே.ஜி. வகுப்பில் பெஞ்சிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளாம். அத்தை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அடம் புடிச்சு மூச்சை அடக்குறா. என் மவன் ரெமிஜியஸும் சின்னதுல இப்படித்தான் விழுவான். நான் ஆஸ்பத்திரிக்கா தூக்கிட்டு ஓடுனேன்?" நான் ஏதோ பெரிதுபண்ணுகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று உங்கள் குரலிலேயே தெரிகிறது. நீங்கள் பார்த்ததில்லை. அதுதான் வித்தியாசம்.

திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். தலையில் ஒயர் ஒட்டி எடுத்த பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லையாம். "நீங்க சொல்றதை வச்சு என்னால முடிவுக்கு வர முடியலம்மா. அடுத்த தடவை வர்றப்ப வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார்கள். எப்போது விழுவாள் என்று தெரியாத பிள்ளையை எப்படி எடுப்பது? ஒரு கேமரா இருந்தால் அவள் விளையாடுகிற இடத்தில் வைத்துவிடலாம். உங்களால் முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

ஷீபா

*

மஸ்கட்
29.7.2006

ஷீபா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. உன் மேல் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் உன் மேலும்தான். எனக்கு எல்லாமே கடைசியில்தான் தெரிகிறது. அம்மா ஒன்று சொல்கிறார்கள், நீ ஒன்று சொல்கிறாய், நடுவில் நான் ஏ.சி. மிஷினைக் கழற்றிக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டு மாடியில் நிற்கிறேன்.

இங்கே பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். கேசட் வேண்டாம், உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. டி.வி.யில் மாட்டும் ஒயர் அதோடு வரவில்லை, கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர் மட்டும் இருக்கிறது. மேலத்தெரு இராஜாங்கம் அண்ணன் விடுமுறைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பள்ளிக்கூடத்தில் அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாய். எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு, தேவையானதை வெட்டி சி.டி. ஆக்கிக்கொள்ளலாம் என்று என் அறையில் இருக்கும் அஹமது கபீர் சொன்னார். கூத்தாநல்லூர்க்காரர். பிள்ளைகளுக்குப் படம் எடுத்து, பாட்டுச் சேர்த்து ஊருக்கு அனுப்புவார்.

அம்மாவை நான் நம்புகிறேன் என்று நினைக்காதே. நீ சொல்கிற மாதிரி இருந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

ரெமிஜியஸ்

*

திருக்காட்டுப்பள்ளி
14.9.2006

செலின் அப்பாவுக்கு,

செலின் விழுந்தது கேமராவில் பதிவாகிவிட்டது. நல்ல செய்தி என்று எழுதுவதா கெட்ட செய்தி என்று எழுதுவதா என்று தெரியவில்லை.

தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஷோகேஸ் மேல் வைத்துக் கூடத்தைப் பார்த்தபடி ஓடவிடுவேன், எதுவும் நடக்காவிட்டால் அழித்துவிடுவேன். அன்றைக்கு வைத்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அத்தை நடவு ஆட்களுக்கு டீ கொண்டுபோயிருந்தார்கள். தொம்மென்று கேட்டு, பாலை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தேன். ஓடிவந்த வேகத்தில் சார்ஜர் ஒயர் காலில் மாட்டி, கேமரா கீழே விழுந்து திரை உடைந்துவிட்டது. அதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. செலின் எழுந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை. நல்லவேளை, ஒயர் போட்டால் கம்ப்யூட்டருக்குக் கோப்பு வருகிறது.

வந்து என்ன பிரயோசனம்? கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.ஓ.டி. என்று மூன்று எழுத்து. எடிட்டிங் சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டால் "இந்த வகைக் கோப்பை ஏற்க இயலாது" என்கிறது. படம் பார்க்கிற மற்ற சாஃப்ட்வேருக்கும் இது என்னவென்றே தெரியவில்லை. தஞ்சாவூர் ஸ்டுடியோவில் கேட்டால் கேசட்டாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பிள்ளை விழுந்தது அதற்குள் இருக்கிறது. என்னாலும் பார்க்க முடியவில்லை, டாக்டருக்கும் காட்ட முடியவில்லை. இன்னொரு தடவை விழட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறீர்களா?

சி.டி.யில் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் அஹமது கபீர் அண்ணனிடம் கேட்டுப்பாருங்கள்.

அத்தை அன்று சாயங்காலம் செலினை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை இறக்கிவிடவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஷீபா

*

மஸ்கட்
30.9.2006

ஷீபா,

பார்த்துவிட்டேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கபீர் பாயின் கம்ப்யூட்டரும் உனக்குச் சொன்னதையே சொன்னது. நோன்பு நேரம், பகலில் வேலை முடிந்து வந்து களைப்பாகப் படுத்திருந்தவர் இதற்காக எழுந்து உட்கார்ந்தார். இணையத்தில் தேடினோம். இதே கேமரா வைத்திருக்கிறவர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். விஷயம் சின்னதுதான். உள்ளே இருப்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற சாதாரண எம்பெக் படம். கேமரா கம்பெனி வேறு பெயர் வைத்துவிட்டது. பெயரைப் பார்த்தே சாஃப்ட்வேர் கதவைச் சாத்திவிடுகிறது. நீ கோப்புக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள். ஒரிஜினலைத் தொடாதே. பிரதியின் பெயரில் எம்.ஓ.டி. என்பதை அழித்துவிட்டு எம்.பி.ஜி. என்று மாற்று. பெயரை மாற்றினால் கோப்பு கெட்டுவிடலாம் என்று பயமுறுத்தும். ஆம் என்று சொல். திறந்துவிடும்.

படம் மட்டும்தான் வருகிறது. சத்தம் இல்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

பீரோக் கதவு திறந்திருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து செலின் வெளியே வருகிறாள். நிற்கிறாள். முகத்தில் நிறம் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே சாய்கிறாள். அதன்பிறகு நடந்ததை நீ எழுதியது போலவேதான் பார்த்தேன். நீ ஓடிவருகிறாய், படம் சுழன்று நின்றுவிடுகிறது. கபீர் பாய் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தனியாக இன்னொரு முறை பார்க்க முயன்றேன், முடியவில்லை.

இதை எத்தனை முறை நீ ஒற்றையாளாகப் பார்த்திருக்கிறாய். பக்கத்தில் ஆள் இல்லாமல், யாரும் நம்பாமல். அம்மாவிடம் போனில் பேசினேன். சத்தம் போடவில்லை. பார்த்ததைச் சொன்னேன். அம்மா அழுதார்கள்.

பிள்ளையை நீ பார்த்துக்கொள்கிறாய். அதற்கு நன்றி என்று எழுதினால் மூன்றாம் மனிதருக்கு எழுதுவது போல இருக்கிறது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ரெமிஜியஸ்

*

திருக்காட்டுப்பள்ளி
19.10.2006

என்னங்க,

நீங்கள் எழுதியபடி பெயரை மாற்றினேன், திறந்துகொண்டது. இவ்வளவுதானா என்று அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உங்கள் கடிதத்தைப் பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன். பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விழுகிற பகுதியை மட்டும் வெட்டி சி.டி. ஆக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அத்தையும் கிளம்பிவிட்டார்கள். "நானும் வர்றேன். நீ ஒருத்தியா பஸ்ஸுல புள்ளைய வச்சுக்கிட்டு எப்புடிப் போவ?" என்றார்கள். கல்லணை வழி முழுக்கச் செலின் அவர்கள் மடியில்தான் தூங்கினாள்.

டாக்டரம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். "பாக்க வலிப்பு மாதிரிதான் இருக்கு. ஆனா பாருங்க, விழறதுக்கு முன்னாடியே வெளுத்துப்போறா. அதான் இடிக்குது. இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தா?"

"சும்மா விளையாடிட்டு இருந்தா டாக்டர். அதை வெட்டிட்டேன்."

"ஏம்மா வெட்டுனீங்க? எனக்கு அதுதானே வேணும். சத்தம் எங்க?"

"சத்தம் வரலை டாக்டர்."

"அழுதாளா, கத்துனாளா, எதுவும் மேல விழுந்துச்சா, ஒண்ணுமே தெரியலையே. முழுப் படத்தையும் சத்தத்தோட கொண்டுவாங்க. அதுவரைக்கும் மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஒரிஜினலைத் தொடாதே என்று எழுதினீர்களே, அதனால் தப்பித்தேன். முழுசும் அப்படியே இருக்கிறது. ஆனால் சத்தத்துக்கு என்ன செய்வது? ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். படத்துக்குக் கீழே சத்தத்துக்கான கோடு வரவேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் நிலையாக இருப்பதில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது. இங்கே யாரிடமும் இதைச் சொல்வதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஷீபா

*

மஸ்கட்
3.11.2006

ஷீபா,

இன்று வெள்ளி, விடுமுறை. காலையிலிருந்து இதிலேயே உட்கார்ந்திருந்தோம். சத்தம் கிடைத்துவிட்டது.

படம் ஒரு வகையில் பதிவாகியிருக்கிறது, சத்தம் வேறு வகையில். உன் சாஃப்ட்வேருக்கு அந்தச் சத்தத்தின் வகை தெரியாது, அதனால் இல்லாத மாதிரியே விட்டுவிடுகிறது. அந்த வகையைப் புரியவைக்கிற ஒரு சின்ன இணைப்பை இறக்கிப் போட்டுப் பார்த்தோம். பார்க்கிற சாஃப்ட்வேரில் கேட்டது, எடிட்டிங்கில் கேட்கவில்லை, பார்க்கும்போதும் விட்டுவிட்டுத்தான் வந்தது. கடைசியில் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து, சாதாரண வேவ் கோப்பாக மாற்றியிருக்கிறோம். சி.டி.யில் இருக்கிறது. நீ படத்தைப் போட்டு, அதன் கீழே இந்தச் சத்தத்தை வைத்தால் போதும். நாங்கள் வைத்துப் பார்த்தோம். செலின் சாயும்போது தொம்மென்று ஒரு சத்தம். தரையில் தலை மோதுகிறது போல. பிறகு நீ "செலின், செலின்" என்று கத்துவது.

ஒரு விஷயம் சரியில்லை. உன் குரல் நீ வந்து சேர்ந்த பிறகு கேட்கிறது. வாய் திறப்பதும் சொல் வருவதும் ஒட்டவில்லை. பிரிக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்கிறார் கபீர் பாய். டாக்டருக்கு அது பெரிதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துக்கொள்.

முன்பகுதியையும் முழுக்கக் கேட்டேன். செலின் தனக்குத் தானே பேசிக்கொண்டு விளையாடுகிறாள். பொம்மைக்குச் சோறு ஊட்டி, "அப்பா வெள்ளிக்கிழமை பேசுவாங்க, அழக் கூடாது" என்கிறாள். அதை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன்.

அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். என்னிடம் சொன்னதற்குச் சந்தோஷம். அலுப்பை எனக்கு எழுது. நல்ல செய்தியைப் போனில் சொல்.

ரெமிஜியஸ்

*

திருக்காட்டுப்பள்ளி
27.11.2006

என்னங்க,

போனில் பாதிதான் சொன்னேன். முழுக்க எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

சத்தம் நகர்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது சின்ன விஷயமில்லை என்று தோன்றியது. டாக்டரம்மா கேட்டது "விழறதுக்கு முன்னாடி என்ன?" என்றுதானே. சத்தம் முன்னே பின்னே இருந்தால் எது முன்னால் எது பின்னால் என்று எப்படிச் சொல்வது?

அதனால் படமும் சத்தமும் ஒன்றாகத் தெரிகிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடினேன். இருந்தது. ஆரம்பத்தில் செலின் பொம்மைக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று எவர்சில்வர் டம்ளரைக் கீழே போடுகிறாள். டம்ளர் தரையைத் தொட்டு உருள்வது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ணங்கென்ற சத்தம் கொஞ்சம் கழித்துக் கேட்கிறது. சத்தத்தின் கோட்டை அப்படியே பிடித்து முன்னால் இழுத்து, டம்ளர் தரையில் படுகிற இடத்தில் பொருத்தினேன். அந்த ஒரு இடத்தை வைத்து நம்பிவிடக் கூடாது என்று கடைசியில் நான் ஓடிவந்து கத்துகிற இடத்தையும் பார்த்தேன். வாயும் குரலும் சரியாக ஒட்டியது. அதன் பிறகுதான் நடுவில் வருவதைப் போட்டேன்.

அந்தத் தொம் சத்தம் அவள் விழும்போது வரவில்லை. பீரோக் கதவுக்குப் பின்னால் இருக்கும்போதே வருகிறது. கூடவே "ம்மா" என்று ஒரு சின்னக் குரல், பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறாள், வெளுக்கிறாள், சாய்கிறாள்.

மறுபடியும் போட்டுக் கேட்டேன். அன்றைக்கு அவளுக்கு இருந்த நெற்றிப் புடைப்பு விழுந்ததால் வந்ததில்லை. பீரோவில் இடித்துக்கொண்டாள், இடித்துக்கொண்டதால் விழுந்தாள். ஜூலையில் பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை விழுந்தபோதும் புடைப்பு இருந்தது. அதற்கு முன்னால் குளியலறை வாசலில் விழுந்தபோது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. எல்லாவற்றையும் நான் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். விழுந்த பிறகுதானே ஓடிப்போய்ப் பார்க்கிறேன், வேறெப்படித் தெரியும்?

அத்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடி திருச்சிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரே தடவைதான் பார்த்தார்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதைத்தாம்மா தேடுனேன்" என்றார்கள். திடீரென்று அடிபட்டாலோ பயந்தாலோ சில பிள்ளைகளுக்கு இதயம் ஒரு கணம் நின்று பிறகு துடிக்குமாம். அந்த நேரம் மூளைக்கு ரத்தம் குறைந்து விழுகிறார்கள், விறைக்கிறார்கள். பார்ப்பதற்கு வலிப்பு போலவே இருக்கும், ஆனால் வலிப்பு நோய் இல்லை. "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை எழுந்து நின்றுகொண்டு, "என் மவனுக்கு இருந்துச்சுங்க. சின்னதுல. ஒண்ணாப்பு போற வயசுல தானா நின்னுபோச்சு" என்றார்கள்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாட்டி."

"சொன்னேங்க. நான் சொன்ன விதம் சரியில்ல, அதான் யாரும் காதுல வாங்கல."

அந்த அறையில் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடம் இல்லைதான், ஆனால் நீங்களும் சின்னதில் இப்படி விழுந்தீர்கள் என்று அவர்கள் சொன்ன பாதி உண்மை. என் கோபம் அந்தப் பாதியைக் கேட்கவிடவில்லை.

இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு, அதற்கு டானிக். சிரப்பை உடனே நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இனி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, தரையில் படுக்கவைத்து ஒருக்களித்துவிட வேண்டும், நிறம் திரும்பும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். வளர வளர நின்றுவிடும் என்றார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செலின் மட்டும் முழித்துக்கொண்டு வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கபீர் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நோன்போடு எழுந்து உட்கார்ந்தாரே, அதை மறக்கமாட்டேன்.

ஷீபா

*

மஸ்கட்
8.12.2006

ஷீபா,

உன் கடிதத்தைக் கபீர் பாய்க்குச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். டம்ளர் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "நாமளும் முழுப் படத்தையும் பாத்தோம். எனக்குத் தோணலயே" என்றார். எனக்கும் தோன்றவில்லை. தொம்மென்று கேட்டதும், தரையில் தலை மோதியது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். நீ அப்படி விட்டிருந்தால் அந்த டாக்டரும் அதைத்தான் நம்பியிருப்பார், சிரப்பும் கூடியிருக்கும்.

நான் சின்ன வயதில் விழுந்ததெல்லாம் எனக்கு நினைவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பூண்டி மாதா கோயிலுக்கு நடந்தே போவாராம். அம்மா பின்னாலேயே அழுதுகொண்டு போவார்களாம். "பயந்துதான் போனேன். பயத்தைச் சொன்னா அது உண்மையாயிடுமோன்னு, அடம்னு சொல்லிக்கிட்டேன்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அம்மா என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். பொங்கலுக்கு விடுப்பு கிடைக்காது. மார்ச்சில் வருகிறேன். அதுவரை ஒன்று கேட்கிறேன். இனி செலின் விழுந்தால், போனில் அம்மா பக்கத்தில் இருந்தாலும் சொல். எனக்குத் தெரிய வேண்டும். பயப்படமாட்டேன் என்று சொல்லமாட்டேன். பயந்தாலும் தெரிய வேண்டும்.

நன்றி ஷீபா. இந்த முறை வேறு சொல் தேடவில்லை.

ரெமிஜியஸ்

*

திருக்காட்டுப்பள்ளி
28.1.2007

என்னங்க,

போனில் சொல் என்றீர்கள். ஆனால் இதைக் கடிதத்தில் எழுதத்தான் ஆசையாக இருந்தது.

நேற்று நம் வயலில் அறுப்பு. அத்தை களத்தில் நின்றார்கள். செலினையும் கூட்டிக்கொண்டு சாப்பாடு எடுத்துப்போனேன். சிரப்பு முழுக்க நின்றதிலிருந்து அவளைப் பிடிக்க முடிவதில்லை, போகிற வழியெல்லாம் வரப்பில் ஓட்டம்தான். களத்தில் டிராக்டர் பெட்டியைச் சுற்றி ஓடியவள் கொக்கியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. நிறம் போவது தெரிந்தது. முதல் தடவையாக, விழுவதற்கு முன்னால் நான் பக்கத்தில் இருந்தேன். அப்படியே தாங்கி வைக்கோலில் படுக்கவைத்து ஒருக்களித்தேன்.

அறுப்பாட்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவர் இரும்பைக் கையில் கொடு என்கிறார், ஒருவர் தண்ணியை அடி என்கிறார். அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார்கள். "யாரும் தொடாதீங்க. காத்து விடுங்க. அவ அம்மாவுக்குத் தெரியும்."

நான் செலின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடவில்லை. கைக்கு அடியில் துடிப்பு தெரிந்தது. உதட்டில் முதலில் நிறம் வந்தது, பிறகு கன்னத்தில். கண்ணைத் திறந்து சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தாள்.

"அம்மா, இவங்கள்லாம் ஏன் சாப்பிடாம நிக்கிறாங்க?" என்றாள்.

அத்தைதான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம், சோற்றைப் பிரித்தோம். செலின் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஷீபா